மண்புழு உரப் படுக்கை: அறிகுறியை வைத்துப் பிழையைக் கண்டுபிடிப்பது எப்படி?

மண்புழுத் தொட்டியில் எது தவறினாலும் பழி முதலில் புழுவின் மேல்தான் விழுகிறது. புழு தின்னவில்லை, புழு ஓடுகிறது, புழு சாகிறது என்றே பேச்சு தொடங்கும். உண்மையில் கழிவை மட்கவைக்கும் வேலையில் பெரும்பங்கு பாக்டீரியாவும் பூஞ்சையும் செய்வது. புழு அவற்றை மேய்கிறது. கழிவை அரைத்து நொறுக்குகிறது. காற்றுக்கு வழி திறக்கிறது. தன் எச்சத்தில் வேறொரு நுண்ணுயிர்க் கூட்டம் குடியேற இடம் செய்துகொடுக்கிறது. ஆகவே வாடை, சூடு, ஓட்டம், சாவு, உரத்தின் ஆய்வக அறிக்கையில் வரும் விசித்திரமான எண்கள் எல்லாமே படுக்கையின் நுண்ணுயிர்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்பதற்கான அடையாளங்கள். கீழே ஒவ்வோர் அறிகுறியையும் அந்தக் கண்கொண்டே பார்க்கிறோம்.

முதலில் எடுக்க வேண்டிய மூன்று அளவுகள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் இந்த மூன்றும் தெரியாமல் கை வைக்காதீர்கள்.

ஈரம்: நடு ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து இறுகப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு கசிந்தால் சரி. ஒழுகினால் அதிகம். கையே நனையவில்லை என்றால் குறைவு. துல்லியம் வேண்டுமானால் 100 கிராம் எடுத்து, எடை மேலும் குறையாத வரை உலர்த்துங்கள். 25 கிராம் மிஞ்சினால் ஈரம் 75 சதவீதம். 70 முதல் 80 வரை இருப்பது நல்லது. புழு தோலால் சுவாசிக்கிறது. தோல் உலர்ந்தால் மூச்சு நின்றுவிடும்.

வெப்பம்: நீண்ட தண்டுள்ள வெப்பமானியை நடுவிலும் ஓரத்திலும் செருகிப் பாருங்கள். ஐசீனியா ஃபெடிடா என்னும் புழு இனத்துக்கு 15 முதல் 25 டிகிரி செல்சியஸ் பிடிக்கும். யூட்ரிலஸ் யூஜினியேவும் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸும் வெப்ப நாட்டுப் புழுக்கள். 25ஐ ஒட்டிய சூட்டில் செழிக்கும், குளிரில் ஒடுங்கும். எந்த இனமானாலும் 35ஐத் தாண்டினால் ஆபத்து.

பி.எச். (அமில-கார அளவு): 10 கிராம் மாதிரியை 50 மில்லி காய்ச்சி வடித்த நீரில் கலக்கி, அரை மணி நேரம் தெளியவிட்டு அளந்து பாருங்கள். 6 முதல் 7.5 வரை இருந்தால் கவலை இல்லை. 5 முதல் 9 வரை புழு உயிர்தரிக்கும். ஆனால் உயிர்தரிப்பதும் செழிப்பதும் ஒன்றல்ல.

அறிகுறி: மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி

கழிவில் நுண்ணுயிர்கள் தம் உடலைக் கட்டத் தேவையான அளவைவிடத் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்துவிட்டது என்று பொருள். புரதம் சிதைந்து அம்மோனியம் ஆகிறது. அதை எடுத்துக்கொள்ள ஆளில்லாததால் வாயுவாகப் பறக்கிறது. எவ்வளவு பறக்கும் என்பதைக் கார நிலை முடிவு செய்கிறது. 25 டிகிரியில், பி.எச். 7 இருந்தால் அம்மோனியத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவே வாயு வடிவில் இருக்கும். 8 ஆனால் சுமார் 5 சதவீதம். 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். மூக்குக்கு எட்டும் அம்மோனியா உங்கள் உரத்திலிருந்து கழன்று போகும் தழைச்சத்து. புழுவுக்கு அது நஞ்சும்கூட: ஒரு கிராம் கழிவில் 1 மில்லிகிராம் அளவு அம்மோனியாவே ஐசீனியாவைக் கொல்லப் போதும்.

பலரும் செய்யும் தவறு, வாடை வந்ததும் சுண்ணாம்போ மரச் சாம்பலோ தூவுவது. இரண்டும் பி.எச்.சை ஏற்றி, மிச்சமிருக்கும் அம்மோனியத்தையும் துரத்திவிடும். செய்ய வேண்டியது வேறு. தீனியை நிறுத்துங்கள். மேல் 10 செ.மீ. பகுதியை முள்கரண்டியால் மெல்லக் கிளறி, அதன் கொள்ளளவில் கால் பங்கு உலர்ந்த கரிமப் பொருள் கலந்துவிடுங்கள்: கிழித்த அட்டை, நொறுக்கிய காய்ந்த இலை, 2–3 செ.மீ. துண்டுகளாக நறுக்கிய வைக்கோல். அதன்மேல் 5 செ.மீ. தடிமனில் முதிர்ந்த உரத்தைப் போர்த்துங்கள். எழும் அம்மோனியாவை அந்தப் போர்வையில் இருக்கும் பாக்டீரியாக்கள் பிடித்து நைட்ரேட்டாக மாற்றிக்கொள்ளும்.

அடுத்த முறை இது வராமலிருக்கக் கலவைக் கணக்கு வேண்டும். கரிம-தழைச்சத்து விகிதம் (கார்பன் எடையை நைட்ரஜன் எடையால் வகுத்தது) 25 முதல் 30 வரை இருக்கும்படி தொடங்குங்கள். ஓர் எடுத்துக்காட்டு: 10 கிலோ காய்கறிக் கழிவில் 85 சதவீதம் நீர் என்று கொண்டால் உலர்பொருள் 1.5 கிலோ. அதில் கரிமம் 45 சதவீதம், தழைச்சத்து 2.5 சதவீதம், விகிதம் 18. இதோடு சுமார் 2.1 கிலோ காய்ந்த இலை (ஈரம் 10 சதவீதம், விகிதம் 50) சேர்த்தால் மொத்த விகிதம் 28க்கு வந்துவிடும். ஈரமும் 85இலிருந்து 72 சதவீதத்துக்கு இறங்குகிறது. ஒரே பொருள் இரண்டு பிழையையும் தீர்க்கிறது. அதனால்தான் உலர்ந்த இலை மூட்டை ஒன்று தொட்டிக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்க வேண்டும் என்கிறோம்.

இந்தக் கணக்கில் ஒரு பொறி உண்டு. மரத்தூளின் கரிமம் பெரும்பாலும் எளிதில் சிதையாத லிக்னின் என்னும் பொருளுக்குள் பூட்டிக் கிடக்கிறது. தாளில் 30 என்று வந்தாலும் நுண்ணுயிர் கைக்கு எட்டுவது அதில் சிறு பங்குதான், அம்மோனியா தொடரும். விரைவாகப் பிடிக்க வேண்டுமானால் அட்டையும் காகிதமும் வைக்கோலும்தான் கைகொடுக்கும். கோழி எச்சம் வேறு கதை. அதன் தழைச்சத்தில் பெரும்பகுதி யூரிக் அமிலம். சில நாட்களில் அம்மோனியாவாகிவிடும். முன்மட்கு செய்யாமல் (தனிக் குவியலாக முதலில் மட்கவைக்காமல்) அதைப் புழுவிடம் கொண்டுபோகவே கூடாது.

அறிகுறி: அழுகிய முட்டை வாடை, அல்லது புளித்த வாடை

இரண்டுக்கும் வேர் காற்றின்மை. ஆனால் நிலைகள் வேறு. புளித்த வாடை என்றால் சர்க்கரையும் மாவும் நொதித்து அசிட்டிக், பியூட்டிரிக் போன்ற அமிலங்கள் சேர்ந்திருக்கின்றன, பி.எச். 5க்குக் கீழே போயிருக்கலாம். அழுகிய முட்டை வாடை என்றால் ஆக்சிஜன் முழுக்கத் தீர்ந்து, சல்பேட்டைக் கொண்டு சுவாசிக்கும் பாக்டீரியா தலையெடுத்துவிட்டது. வெளிவருவது ஹைட்ரஜன் சல்பைடு.

இந்த நிலையில் கண்ணுக்குத் தெரியாத இன்னோர் இழப்பும் நடக்கிறது. ஆக்சிஜன் இல்லாதபோது பல பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைச் சுவாசித்து, அதை நைட்ரஸ் ஆக்சைடாகவும் நைட்ரஜன் வாயுவாகவும் வெளியேற்றுகின்றன. மண்புழுவின் குடலே ஆக்சிஜன் அற்ற இடம் என்பதால் இயல்பாகவே சிறிதளவு நைட்ரஸ் ஆக்சைடு அங்கிருந்து கசியும். படுக்கை முழுதும் நீரில் ஊறிக் கிடந்தால் அந்தச் சிறிதளவு பெரிதாகிவிடும்.

1. ஓரத்திலிருந்து அடிவரை செங்குத்தாக ஒரு வெட்டு வெட்டிப் பாருங்கள். கறுத்து, வழவழவென்று, பிசினாக ஒட்டும் அடுக்கு எந்த ஆழத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மேலே என்றால் தீனி மிகை. அடியில் என்றால் வடிகால் அடைப்பு.

2. தீனி மிகை என்றால் அந்த அடுக்கை வாரி வெளியே எடுத்து, சம அளவு உலர்ந்த இலையோடு கலந்து நிழலில் பரப்பி வையுங்கள். வாடை தணிந்த பிறகு சிறுசிறு அளவாகத் திரும்பக் கொடுக்கலாம்.

3. வடிகால் அடைப்பு என்றால் மேற்பரப்பை மட்டும் உலர்த்துவதால் பயனில்லை. துளைகளைக் குத்திவிட்டு, தொட்டியை ஒரு பக்கம் 2–3 செ.மீ. உயர்த்தி, அடியில் 5 செ.மீ. குச்சி, தேங்காய் நார் போன்ற கரடுமுரடான அடுக்கு கொடுங்கள்.

4. பி.எச். 5.5க்குக் கீழே இருந்தால் மட்டும் ஒரு சதுர மீட்டருக்கு 50 கிராம் சுண்ணாம்புக்கல் மாவு அல்லது நன்கு பொடித்த முட்டை ஓடு தூவுங்கள். நீற்றிய சுண்ணாம்பு வேண்டாம். அதன் கரைசல் பி.எச். 12ஐ எட்டும், தொட்ட புழு வெந்துவிடும்.

5. ஒரு வாரம் தீனி இல்லை. அதன்பின் 3 செ.மீ.க்கு மேற்படாத அடுக்காக, முந்தையது பெருமளவு கரைந்த பிறகே அடுத்தது.

படுக்கையின் மொத்த உயரம் 45 செ.மீ.யைத் தாண்டினால் இந்தப் பிழை திரும்பத் திரும்ப வரும். தன் எடையே அடியை அமுக்கிக் காற்றிடத்தை மூடிவிடுகிறது.

அறிகுறி: படுக்கை சுடுகிறது

பச்சைக் கழிவைத் தடிமனாகப் போட்டால் வெப்ப விரும்பி பாக்டீரியாக்கள் பெருகி, ஓரிரு நாளில் 50 டிகிரிக்கு மேல் கொண்டுபோகும். சாதாரண மட்குக் குவியலுக்கு இது வரம். புழுப் படுக்கைக்குச் சாவு. குவியலைப் பிரித்துப் பரப்புங்கள். தண்ணீர் ஊற்றி அணைக்க முயலாதீர்கள். சூடு தணிந்ததும் அழுகல் தொடங்கும்.

தீர்வு முன்மட்கு. பச்சைக் கழிவைத் தனிக் குவியலாக 10 முதல் 15 நாள் வைத்து, இரண்டு மூன்று முறை புரட்டி, 55 டிகிரியை மூன்று நாளாவது தொட்டதா என்று பாருங்கள். அம்மோனியாவும் நொதிப்பு அமிலமும் இங்கே ஒழியும். களை விதையும் நோய்க்கிருமியும் பெருமளவு இங்கேதான் சாகின்றன. 30 டிகிரிக்குக் கீழே இறங்கியபின் புழுவிடம் கொடுக்கலாம். ஆனால் ஒரு மாதம், ஒன்றரை மாதம் என்று நீட்டிவிடாதீர்கள். எளிதில் கரையும் கரிமத்தையெல்லாம் குவியலே தின்று தீர்த்தால் புழுவுக்கு மேய நுண்ணுயிர் மிஞ்சாது. மெலிந்த புழுதான் மிஞ்சும்.

அறிகுறி: புழுக்கள் சுவரேறுகின்றன, மூடியில் கொத்தாகத் தொங்குகின்றன

புதிதாக விட்ட முதல் மூன்று நாள் என்றால் பழகாத இடம் என்பதால் இருக்கலாம். மேலே ஒரு விளக்கை எரியவிடுங்கள். வெளிச்சத்துக்கு அஞ்சி உள்ளே இறங்கும். பெரியோனிக்ஸ் இனம் மழைக்கு முன்னும் மழையின்போதும் கூட்டமாகக் கிளம்பும் பழக்கம் உள்ளது. அது அதன் குணம், உங்கள் குற்றமில்லை. ஈரச் சாக்கு போர்த்தி விளிம்பை மடக்கிக் கட்டுங்கள்.

பழைய படுக்கையில் திடீரென ஓட்டம் என்றால் மேலே சொன்ன மூன்று அளவுகளையும் எடுங்கள். மூன்றும் சரியாக இருந்தும் ஓடினால் உப்பைச் சந்தேகியுங்கள். உப்புச் சேர்ந்த சமைத்த உணவு, சிறுநீர் ஊறிய சாணம், கோழி எச்சம் ஆகியவை முக்கியக் காரணம். கழிவில் உப்பு 0.5 சதவீதத்தைத் தாண்டினால் ஐசீனியா தாங்காது. முன்மட்கு செய்த கழிவை நல்ல நீர் ஊற்றி, அடியில் வடியவிட்டு, ஈரம் 75க்கு இறங்கிய பின் கொடுப்பதே வழி. அந்த வடிநீரில் சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) சேர்ந்து போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அறிகுறி: புழு மணிமாலைபோல் முடிச்சு முடிச்சாக வீங்கிச் சாகிறது

மாவு, பருப்பு, தீவனத் தூள், இறைச்சி போன்ற செறிவான தீனியை ஒரே இடத்தில் கொட்டியபின் இது தெரியவரும். தீனி கடுமையாக நொதித்துப் படுக்கையை அமிலமாக்க, புழுவின் உடல் அங்கங்கே இறுகி இடையில் உப்பிவிடும். பாதிக்கப்பட்ட புழு பிழைப்பது அரிது. தீனிப் பொட்டலத்தை முழுக்க எடுத்துவிட்டு, அதைச் சுற்றி ஒரு கை அகலம் வரையுள்ள படுக்கையையும் அகற்றுங்கள். மிச்சத்தைத் தளர்த்தி, சுண்ணாம்புக்கல் மாவு மேற்சொன்ன அளவில் தூவுங்கள். இறந்த புழுவை உள்ளே விடாதீர்கள். அதன் உலர் உடலில் பாதிக்கு மேல் புரதம், ஒரே நாளில் அம்மோனியாவாக மாறும்.

திடீர்ச் சாவுக்கு இன்னொரு காரணம் பலர் நினைவுக்கு வருவதில்லை: கால்நடைக்குக் கொடுத்த குடற்புழு நீக்க மருந்து. ஐவர்மெக்டின் வகை மருந்துகள் பெருமளவு சாணத்தோடு வெளியேறுகின்றன. மருந்து கொடுத்த பின் பல வாரங்களுக்கு அந்தச் சாணத்தை ஒதுக்கி வையுங்கள். எந்தச் சாணமானாலும் முழுப் படுக்கைக்குப் போடும் முன் ஒரு சிறு பெட்டியில் 20 புழு விட்டு 48 மணி நேரம் பாருங்கள். இருபதும் உயிரோடு உள்ளே இருந்தால் தாராளமாகப் போடலாம்.

அறிகுறி: வேண்டாத விருந்தாளிகள்

நூல்போன்ற வெள்ளைப் புழுக்கள் மொய்த்தால் அவை மண்புழுக் குஞ்சுகள் என்று மகிழ வேண்டாம். மண்புழுக் குஞ்சில் உடல் வழியே சிவந்த இரத்தக் குழாய் தெரியும். என்கிட்ரேயிட் புழு வளர்ந்தாலும் வெள்ளையாகவே இருக்கும். தீங்கில்லை, ஆனால் படுக்கை அமிலமாகவும் மிக ஈரமாகவும் இருக்கிறது என்று அது சொல்கிறது. உண்ணிபோன்ற வெள்ளைப் பேன்கள் பெருகினாலும் அதே செய்திதான். எறும்பு வந்தால் நேர் எதிர்: உலர்ந்துவிட்டது. ஈ மொய்த்தால் தீனியை மூடவில்லை; 5 செ.மீ. பழைய உரத்தால் மூடுங்கள்.

சுத்தியல் தலைத் தட்டைப்புழு மட்டும் உண்மையான எதிரி, மண்புழுவையே தின்னும். வெட்டினால் துண்டுகள் தனித்தனியே வளரும் என்பதால் நசுக்காமல், எடுத்து உப்புக் கரைசலில் போடுங்கள்.

அறிகுறி: புழு நலமாக இருக்கிறது, கழிவு மட்டும் கரையவில்லை

முதலில் புழுவின் எடையைச் சரிபாருங்கள். ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1.5 கிலோ புழு இருந்தால், நாளொன்றுக்கு அந்த எடையில் பாதியளவு தீனி கொடுத்துத் தொடங்கலாம். நன்கு ஓடும் படுக்கையில் எடைக்கு எடைவரை போகலாம். அரைக் கிலோ புழுவை வைத்துக்கொண்டு 2 கிலோ கழிவு போட்டால் கரையாது, அழுகும்.

எடை சரியாக இருந்தும் மந்தமென்றால் கரிம-தழைச்சத்து விகிதத்தைப் பாருங்கள். வைக்கோலும் அட்டையும் மிகுந்து 40ஐத் தாண்டியிருந்தால் நுண்ணுயிர்கள் தழைச்சத்துக்குப் பசித்துக் கிடக்கும். நுண்ணுயிர் பெருகாத இடத்தில் புழுவுக்கும் உணவில்லை. சாணக் கரைசல் (ஒரு பங்கு சாணம், ஐந்து பங்கு நீர்) தெளித்து இரண்டு வாரம் பாருங்கள். முட்டைக்கூடுகளின் எண்ணிக்கை நல்ல அளவுகோல். எலுமிச்சை வடிவில், கடுகைவிடச் சற்றுப் பெரிதாக, முதலில் வெளிர் மஞ்சளாகவும் பொரிக்கும் தருணத்தில் செம்பழுப்பாகவும் இருக்கும். ஐசீனியாவின் கூடு பொரிக்க மூன்று வாரம் முதல் ஒரு மாதம் ஆகும். கூட்டுக்கு இரண்டு மூன்று குஞ்சு வரும். நான்கு வாரமாகப் புதுக்கூடே இல்லையென்றால் தீனி தரம் குறைந்துவிட்டது.

அறிகுறி: ஆய்வறிக்கையில் எண்கள் இடிக்கின்றன

இங்கேதான் அதிகத் தவறான முடிவுகள் எடுக்கப்படுகின்றன. அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

புழு சத்தை உருவாக்குவதில்லை. 100 கிலோ உலர் கழிவில் சாம்பல் 20 கிலோ, கரிமம் சுமார் 44 கிலோ, தழைச்சத்து 1.5 கிலோ, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 0.4 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் 30. இரண்டு மூன்று மாதத்தில் கரிமத்தின் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடாகப் போய், மொத்தம் 55 கிலோ ஆகிறது. இதில் தழைச்சத்து 1.2 கிலோ மிஞ்சியிருந்தால் அறிக்கை 2.2 சதவீதம் என்று காட்டும். 1.5 சதவீதம் 2.2 ஆனது என்று கொண்டாடுகிறோம். உண்மையில் ஐந்தில் ஒரு பங்கு காற்றில் போய்விட்டது. மணிச்சத்து எங்கும் பறக்காது, அதே 0.4 கிலோ, 0.73 சதவீதமாகத் தெரிகிறது.

இழப்பைச் சரியாகக் கண்டுபிடிக்கச் சாம்பலைப் பிடியுங்கள். சாம்பல் எரியாது, பறக்காது. தொடக்கச் சாம்பல் சதவீதத்தை இறுதிச் சாம்பல் சதவீதத்தால் வகுத்தால் மிஞ்சிய எடைப் பங்கு கிடைக்கும்: 20 வகுத்தல் 36.4, அதாவது 0.55. அதை இறுதித் தழைச்சத்து சதவீதத்தால் பெருக்கித் தொடக்கச் சதவீதத்தால் வகுத்தால் மிஞ்சிய தழைச்சத்தின் பங்கு வரும். நம் எடுத்துக்காட்டில் 0.8. ஒவ்வொரு தொகுதிக்கும் இந்த ஓர் எண்ணைக் குறித்து வந்தால் உங்கள் முறை மேம்படுகிறதா என்று தெரிந்துவிடும். (மண் கலந்துவிட்டால் சாம்பல் கணக்கு பொய்த்துவிடும், தரையில் சுரண்டி எடுத்த மாதிரியை அனுப்பாதீர்கள்.)

*தழைச்சத்து 1 சதவீதத்துக்கும் கீழே:* ஒன்று தொடக்கக் கழிவே ஏழை, அல்லது அம்மோனியாவாகவும் நைட்ரேட் வடிநீராகவும் போய்விட்டது. மேலே சொன்ன கணக்கு எது என்று காட்டும். மண் கலந்து எடை கூடியிருந்தாலும் இப்படி வரும். அப்போது சாம்பல் 60, 70 என்று நிற்கும்.

*அம்மோனியம் அதிகம், நைட்ரேட் குறைவு:* உரம் இன்னும் இளசு. அம்மோனியத்தை நைட்ரைட்டாக்கும் நைட்ரோசோமோனாஸ் வகைகளும், நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் நைட்ரோபாக்டர், நைட்ரோஸ்பைரா வகைகளும் மெதுவாக வளர்பவை. காற்றில்லாமல் வேலை செய்யாதவை. புழுவைப் பிரித்துவிட்டு, 60 சதவீத ஈரத்தில், தளர்வாக நிழலில் மூன்று நான்கு வாரம் முதிரவிடுங்கள். நைட்ரேட் ஏறும்போது பி.எச். சற்று இறங்கும், அம்மோனியம் நைட்ரேட்டாவதில் அமிலம் வெளிப்படுவதால் அது நல்ல குறிதான்.

*நைட்ரேட்டும் இல்லை, அம்மோனியமும் இல்லை:* படுக்கை நெடுநாள் ஊறிக் கிடந்திருக்கும், அல்லது மழையில் அலசப்பட்டிருக்கும். கூரையையும் வடிகாலையும் பாருங்கள்.

*மொத்த மணிச்சத்து நன்று, கிடைக்கும் மணிச்சத்து குறைவு:* புழுக்குடலிலும் எச்சத்திலும் இருக்கும் பாஸ்பட்டேஸ் நொதிகளும் அமிலம் சுரக்கும் பாக்டீரியாக்களும் கட்டுண்ட மணிச்சத்தை விடுவிக்கின்றன. நீங்கள் சுண்ணாம்பை அள்ளிக் கொட்டியிருந்தால், விடுபட்டது கால்சியத்தோடு சேர்ந்து மறுபடி கட்டுண்டுவிடும். சுண்ணாம்பு மருந்து, தீனி அல்ல.

*சாம்பல் சத்து எதிர்பார்த்ததைவிடக் குறைவு:* நீரில் எளிதில் கரையும் சத்து இது, வடிநீரில் போயிருக்கிறது. வடிநீரைப் பிடித்து, ஈரம் குறையும்போது படுக்கைக்கே திருப்பி ஊற்றுங்கள். பழுப்பாக ஒழுகும் அந்த நீரை முதிர்ந்த உரத்திலிருந்து எடுக்கும் சாறு என்று நினைத்துக் கீரைமேல் தெளிக்கக் கூடாது. பாதி மட்கிய அமிலமும் நோய்க்கிருமியும் அதில் இருக்கலாம்.

*கன உலோகம் தொடக்கத்தைவிடக் கூடிவிட்டது:* கூடவில்லை, செறிந்திருக்கிறது. 100 கிலோவில் இருந்தது 55 கிலோவில் அடங்கியிருக்கிறது. காட்மியத்தைப் புழு தன் உடலில் சேர்த்துக்கொள்ளும். ஆனால் புழுவின் மொத்த எடை சிறிது என்பதால் அதைச் சுத்திகரிப்பாக எண்ணிவிட முடியாது. மாசுபட்ட கழிவை உள்ளே விடாமலிருப்பதுதான் ஒரே வழி.

*நுண்ணுயிர் எண்ணிக்கை குறைந்துவிட்டது:* பதற வேண்டாம். புழு நுண்ணுயிரைத் தின்று வாழ்கிறது. குடல் வழியே போகும்போது சில கூட்டங்கள் செரிக்கப்படுகின்றன, சில பெருகுகின்றன. வெளிவந்த புது எச்சத்தில் செயல்பாடு கொதிக்கும். அடுத்த சில வாரங்களில் எளிய உணவு தீரத் தீர அது தணியும். முதிர்ந்த உரத்தில் மொத்த எண்ணிக்கையும் நுண்ணுயிர்ச் செயல்பாட்டைக் காட்டும் டீஹைட்ரோஜினேஸ் நொதியும் குறைந்திருப்பது நிலைபெற்றதன் அடையாளம். இன்னும் உச்சத்தில் இருக்கிறதென்றால்தான் உரம் மட்கி முடியவில்லை.

அறிகுறி: உரம் போட்ட நாற்று கருகுகிறது, விதை முளைக்கவில்லை

காரணம் மூன்றில் ஒன்று: மிஞ்சிய அம்மோனியம், மிஞ்சிய அமிலம், உப்பு. முதல் இரண்டும் முதிரவிட்டால் தீரும். உப்பு தீராது, எடை குறையக் குறையச் செறியும்.

சோதனை எளிது. ஒரு பங்கு உரம், பத்துப் பங்கு காய்ச்சி வடித்த நீர், எடைக்கணக்கில். ஒரு மணி நேரம் அவ்வப்போது குலுக்கி வடிகட்டுங்கள். தட்டில் வடிதாள் விரித்து 10 முள்ளங்கி விதை வைத்து 5 மில்லி சாறு விடுங்கள். இன்னொரு தட்டில் வெறும் நீர். இருட்டில் மூன்று முதல் ஐந்து நாள். முளைத்த விதைகளின் எண்ணிக்கையைச் சராசரி வேர் நீளத்தால் பெருக்கி, நீர்த் தட்டின் அதே பெருக்கலால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 80க்கு மேல் என்றால் நச்சில்லை. 50க்குக் கீழ் என்றால் நாற்றங்காலுக்கு ஆகாது. இடைப்பட்டதென்றால் மூன்று வாரம் முதிரவிட்டு மறுபடி பாருங்கள். எண் அசையவே இல்லையென்றால் உப்புதான். உப்பு உரத்தைத் தொட்டிக் கலவைக்கு எடுக்காமல், திறந்த நிலத்தில் மெல்லியதாகத் தூவுங்கள்.

நல்ல உரமும் அளவுக்கு மீறினால் கெடுக்கும். நாற்றுக் கலவையில் கொள்ளளவில் 10 முதல் 20 சதவீதம் போதும்.

அறிகுறி: தக்காளி, அவரை இலைகள் கிண்ணம்போல் குவிந்து முறுக்கிக்கொள்கின்றன

இது சத்துக் குறையல்ல. புல்வெளியிலும் தீவனப் பயிரிலும் அடித்த குளோபைராலிட், அமினோபைராலிட் போன்ற களைக்கொல்லிகள் வைக்கோல் வழியாகவும், மாட்டின் வயிற்றைக் கடந்து சாணம் வழியாகவும் வந்திருக்கின்றன. மட்குக் குவியலிலும் இவை எளிதில் சிதைவதில்லை. மிகச் சிறு அளவே அவரைக் குடும்பத்தையும் தக்காளிக் குடும்பத்தையும் பாதிக்கும். புழு சாகாது என்பதால் படுக்கையில் எந்த எச்சரிக்கையும் கிடைக்காது. சந்தேகமிருந்தால் உரத்தையும் சுத்தமான மண்ணையும் பாதிப்பாதி கலந்து அவரை விதை நட்டு, மூன்றாவது இலை விரியும்வரை காத்திருங்கள். முறுக்கினால் அந்தத் தொகுதியைப் புல், சோளம் போன்ற புல்லினப் பயிர்களுக்கு மட்டும் கொடுங்கள்.

அறிகுறி: உரத்தில் களை முளைக்கிறது, நோய்க்கிருமி பற்றிய ஐயம்

புழுப் படுக்கை சூடேறாது. விதை புழு வயிற்றைக் கடந்தும் முளைக்கும். ஈ.கோலை, சால்மோனெல்லா போன்றவை படுக்கையில் பெரும்பாலும் குறைகின்றன என்றாலும் அதை உத்தரவாதமாகக் கொள்ள முடியாது. பச்சையாகத் தின்னும் காய்க்குப் போகும் உரமென்றால் 55 டிகிரி முன்மட்கு தவிர்க்கக் கூடாதது.

அறிகுறி: மூட்டையில் வைத்த உரம் நாறுகிறது, அல்லது தூளாகக் காய்ந்துவிட்டது

70 சதவீத ஈரத்தோடு காற்றுப் புகாத பையில் கட்டினால் சில நாளில் ஆக்சிஜன் தீர்ந்து, முதிரவிட்டுச் சேர்த்த நைட்ரேட் வாயுவாகப் போய்விடும். வெயிலில் காயவைத்துக் கட்டினால் பேசிலஸ் போன்ற வித்து உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பிழைக்கும். மற்றவற்றில் பெரும்பகுதி மடியும். நிழலில் 40 சதவீதத்துக்கு உலர்த்தி, 3–4 மி.மீ. சல்லடையில் சலித்து, காற்றுப் போகும் சாக்கில் கட்டி, தரை படாமல் பலகைமேல் அடுக்குங்கள். ஈரம் 40 என்றால் கையில் பிழிந்தால் உருண்டை பிடிக்கும், நீர் கசியாது, விரலால் தட்டினால் உதிரும். காய்ந்துபோன உரத்துக்குப் பயன்படுத்தும் ஒரு வாரம் முன்பே நீர் தெளித்து, அரைக் கிலோவுக்கு ஒரு கைப்பிடி வீதம் புதிய முதிர்ந்த உரம் கலந்து நிழலில் மூடி வையுங்கள். சலித்து மிஞ்சிய கரடும் முட்டைக்கூடும் அடுத்த படுக்கைக்குப் போகட்டும்.